கூரை வெக்கை எந்த வழியால் இறங்குகிறது? வெப்பம் நகரும் மூன்று வழிகள்

வன்னியில் சோளகக் காலத்து நண்பகலில், தகரக் கூரை போட்ட வீட்டுக்குள் இருப்பவருக்கு, முற்றத்து வேப்பமரத்தின் கீழ் இருப்பவரைவிடக் கூடுதலாக வெக்கை தெரியும். இதற்குக் காரணம் கேட்டால், கூரை சுட்டு, அந்தச் சூட்டுக் காற்றுக் கீழே இறங்குகிறது என்றே பெரும்பாலானோர் சொல்வார்கள். கேட்கப் பொருத்தமாக இருந்தாலும் அது சரியான காரணம் அன்று. சுட்ட காற்றுக் கீழே இறங்குவதில்லை. அது கூரையோடு ஒட்டி மேலேயே நிற்கும். கூரையின் வெப்பம் நம்முடைய தலையையும் தோளையும் வந்தடைவது வேறொரு வழியால். அந்த வழி எதுவென்று தெரியாதபோது, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக்கூட்டி வைத்தும் வெக்கை தணியவில்லையே என்று சலித்துக்கொள்வதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாமல் போகிறது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் படித்துப் பிறகு மறந்துவிட்ட கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்ற மூன்றும் இந்த இடத்தில்தான் உண்மையாகவே கைகொடுக்கின்றன. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கூரைக்குத் திரும்புவோம்.

அதற்கு முன் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வெப்பம் என்பது ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குச் செல்லும் சக்தி; வெப்பநிலை என்பது ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதன் அளவு. கொல்லன் உலையில் செக்கச்சிவக்கக் காய்ச்சிய 10 கிராம் ஆணி ஒன்றின் வெப்பநிலை சுமார் 800 பாகை செல்சியஸ் இருக்கலாம். ஆனால் அது 30 பாகைக்கு ஆறும்போது வெளியிடும் சக்தி ஏறத்தாழ 5,000 யூல் மட்டுமே. ஒரு லீற்றர் நீரின் வெப்பநிலையை ஒரேயொரு பாகை உயர்த்துவதற்கே சுமார் 4,200 யூல் வேண்டும் என்பதால், அந்த ஆணியைக் கேத்தல் தண்ணீருக்குள் போட்டால் தண்ணீர் சூடானதாகவே தெரியாது. அதே ஒரு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து கொதிக்கவைக்க ஏறத்தாழ 294,000 யூல் செலவாகும். வெப்பநிலையில் வேறுபாடு உள்ள இடங்களுக்கிடையேதான் வெப்பம் தானாக நகரும்; எப்போதும் சூடு கூடிய இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்கே நகரும். குளிர் என்று ஒரு பொருள் வீட்டுக்குள் வருவதில்லை. நம்மிடமிருந்து வெப்பம் வெளியேறுவதையே குளிர் என்று உணர்கிறோம்.

இனிக் கடத்தலைப் பார்ப்போம். அடுப்பில் கொதிக்கும் பானைக்குள் அலுமினியக் கரண்டியை விட்டுவைத்தால் சிறிது நேரத்தில் அதன் பிடி கையைச் சுடுகிறது. மரக்காம்பு போட்ட சிரட்டை அகப்பையோ, சோறு வெந்து வடிக்கும்வரை பானைக்குள்ளேயே கிடந்தாலும், கையால் பிடிக்கக்கூடியதாகவே இருக்கும். திண்மப் பொருளில் அணுக்கள் தத்தம் இடத்தை விட்டுப் போவதில்லை. நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. சூடான முனையில் உள்ள அணுக்கள் வேகமாக அதிர்ந்து பக்கத்து அணுக்களையும் அதிரச் செய்ய, சக்தி மட்டும் முன்னே செல்கிறது, பொருள் நகர்வதில்லை. இது கடத்தல். உலோகங்களில் இதற்கு மேலும் ஒரு வசதி உண்டு. அவற்றுக்குள் எந்த அணுவோடும் கட்டுப்படாமல் அலையும் சுயாதீன இலத்திரன்கள் சூடான பக்கத்துச் சக்தியை மிக விரைவாக மறுபக்கத்துக்குக் கொண்டுபோய்விடுகின்றன. மின்னை நன்றாகக் கடத்தும் செம்பும் அலுமினியமும் வெப்பத்தையும் நன்றாகக் கடத்துவது இதனால்தான்.

பொருள்களுக்கிடையே இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை எண்களில் பார்த்தால் வியப்பாக இருக்கும். அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தைக் கடத்தும் திறனை 1 என்று கொண்டால், உலர்ந்த மரத்துக்கு அது 5 அல்லது 6, நீருக்குச் சுமார் 23, எவர்சில்வருக்குச் சுமார் 600, இரும்புக்குச் சுமார் 3,000, அலுமினியத்துக்குச் சுமார் 9,000, செம்புக்குச் சுமார் 15,000. எவர்சில்வர்ச் சட்டியில் நெருப்புப் படும் இடத்தில் மட்டும் கறி அடிப்பிடித்து மற்றப் பக்கம் வேகாமல் இருப்பதற்கும், அலுமினியச் சட்டியில் சூடு ஒரே சீராகப் பரவுவதற்கும் காரணம் இந்த வரிசையிலேயே இருக்கிறது. அதைவிட முக்கியமானது வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் காற்று. அசையாமல் அடைபட்டு நிற்கும் காற்றைப்போல வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் பொருள் நம்முடைய ஊரில் கிடைக்கும் மற்றெவற்றிலும் இல்லை. கிடுகும் பனையோலையும் வைக்கோலும் சணல் சாக்கும் வெப்பத்தைத் தடுப்பது, அவற்றின் நார்களைவிட அந்த நார்களுக்கிடையே அகப்பட்டுக் கிடக்கும் காற்றினால்தான்.

தை மாத விடியற்காலையில் சைக்கிளை எடுக்கும்போது அதன் இரும்புச் சட்டம் கையில் குளிர்கிறது. பிடியின் இறப்பர் உறை அவ்வளவு குளிர்வதில்லை. இரண்டும் இரவு முழுவதும் ஒரே விறாந்தையில் நின்றவை என்பதால் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். நம்முடைய தோல் ஏறத்தாழ 33 பாகையில் இருக்கிறது. விடியற்காலை இரும்போ அதைவிடக் குறைந்த வெப்பநிலையில் இருக்கிறது. ஆகவே வெப்பம் கையிலிருந்து வெளியே செல்கிறது. இரும்பு அதை உடனுக்குடன் தனக்குள் இழுத்துக் கொண்டுபோய்விட, இறப்பர் தொட்ட இடத்திலேயே தேங்கவைத்துவிடுகிறது. தொட்டு அறியும்போது கைக்குத் தெரிவது பொருளின் வெப்பநிலையைவிட, வெப்பம் எவ்வளவு விரைவாகக் கையை விட்டுப் போகிறது அல்லது கைக்குள் வருகிறது என்பதே. எனவே ஒரு பொருள் எவ்வளவு சூடானது என்பதற்குக் கையை நம்ப முடியாது. வெப்பமானியைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு தகட்டின் ஊடாக எவ்வளவு வெப்பம் கடத்தப்படும் என்பது நான்கு விடயங்களில் தங்கியிருக்கிறது. பரப்பளவு கூடினாலும், இரு பக்கங்களுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு கூடினாலும், பொருளின் கடத்தும் திறன் கூடினாலும் வெப்பம் கூடுதலாகச் செல்லும். தடிப்புக் கூடினால் குறைவாகச் செல்லும். கூரைத் தகரத்தின் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவே. அதன் ஒரு சதுர மீற்றரின் ஊடாக 200 வாற்று வெப்பம் கீழே இறங்குகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், தகரத்தின் மேல் பக்கத்துக்கும் கீழ்ப் பக்கத்துக்கும் இடையே இருக்கும் வெப்பநிலை வேறுபாடு ஒரு பாகையின் 500 இல் ஒரு பங்குதான் வருகிறது. அதாவது, வெயில் படும் பக்கம் 60 பாகை என்றால் நம்மைப் பார்த்திருக்கும் பக்கமும் 60 பாகை. கடத்தலைப் பொறுத்தவரையில் தகரம் ஒரு தடையே அன்று. இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருக்க வேண்டும்; கூரைக்குத் திரும்பும்போது இது தேவைப்படும்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் நண்பகலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ஆனால் சுடுகின்ற அதே மணலைக் கையால் ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறினால் உள்ளே இருப்பது குளிர்ந்த மணல். மணிகளுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால் மேலே விழும் வெப்பம் கீழே இறங்க வழியில்லாமல் மேற்பரப்பிலேயே குவிந்துவிடுகிறது. பகல் முழுவதும் பெற்ற வெப்பம் மேல் அடுக்கிலேயே இருப்பதால், இரவில் அந்த வெப்பம் விரைவாகக் கழிந்து மணல் குளிர்ந்தும் விடுகிறது. கடலில் நிகழ்வது வேறு. ஒரு கிலோகிராம் நீரைச் சூடாக்க, ஒரு கிலோகிராம் மணலைப்போல ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும்; வெயிலும் நீருக்குள் ஆழமாக ஊடுருவுகிறது; அலையும் நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே கடலின் வெப்பநிலை பகலுக்கும் இரவுக்கும் இடையே பெரிதாக மாறுவதில்லை.

இந்த வேறுபாடு நம்மை இரண்டாவது வழிக்குக் கொண்டுவருகிறது. பகலில் சுட்ட தரையைத் தொட்டு நிற்கும் காற்றுத் தானும் சூடாகி, விரிந்து, அடர்த்தி குறைந்து மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அதுவே கடற்காற்று. இரவில் தரை கடலைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிட, ஓட்டம் திசைமாறித் தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுகிறது. பாய் விரித்த வள்ளங்கள் விடியுமுன் கடலுக்குப் போவதற்கும் பகலில் கரை திரும்புவதற்கும் இந்த மாற்றமே துணையாக இருந்தது. வைகாசி தொடக்கம் சோளகம் பலமாக வீசும் மாதங்களில், தென்மேற்கிலிருந்து தரையின் மேலாக வரும் உலர்ந்த காற்றுக் கடற்காற்றை உள்ளே வரவிடாமல் மறித்துவிடுகிறது. கிழக்குக் கரையிலுள்ள முல்லைத்தீவிலும்கூட அந்த நாள்களில் வெக்கை தாங்க முடியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இவ்வாறு, சூடான பாய்பொருள் தானே இடம்பெயர்ந்து தன்னிடமுள்ள வெப்பத்தையும் சுமந்துகொண்டு போவதே மேற்காவுகை. திரவங்களிலும் வாயுக்களிலும் மட்டுமே இது நடக்கும்; திண்மங்களில் நடக்காது. கடத்தலில் சக்தி மட்டும் போகிறது; மேற்காவுகையில் பொருளும் சேர்ந்து போகிறது. உலையில் நீர் கொதிப்பதற்கு முன், கழுவிய அரிசியிலிருந்து ஒட்டிவந்த தவிட்டுத் துகள்கள் நடுவில் மேலெழுந்து பானையின் ஓரமாகக் கீழிறங்கிச் சுழல்வதைக் கவனித்தால் அந்த ஓட்டத்தைக் கண்ணாலேயே காணலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் காலையெல்லாம் வெயில் எரித்துவிட்டுப் பிற்பகலில் திடீரென்று இடியும் மின்னலுமாகப் பெய்யும் மழையும் இதே ஓட்டத்தின் பெரிய வடிவமே. சுட்ட தரையிலிருந்து எழும் ஈரக்காற்று மேலே போகப்போகக் குளிர்கிறது. முகில் உருவாகும்வரை ஒவ்வொரு கிலோமீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 பாகை என்ற வீதத்தில் அது குளிர்ந்து, பிறகு நீராவி ஒடுங்கி மழையாகிறது. புவியியல் பாடநூல் இதை மேற்காவுகை மழை என்கிறது.

இங்கே ஒரு நிபந்தனையை வலியுறுத்த விரும்புகிறேன். பலரும் கவனிக்காமல் விடுவது இதுவே. மேற்காவுகை தானாக நடக்க வேண்டுமானால் சூடு கீழே இருக்க வேண்டும். மேலேயிருந்து சூடாக்கினால் சூடான பகுதி ஏற்கெனவே இலேசாகி மேலேயே இருக்கிறது. அது கீழே வருவதற்கு எந்தக் காரணமும் இல்லை. இரணைமடுக் குளத்தில் காற்றில்லாத வெயில் நாளில் இறங்குபவர்களுக்கு இது அனுபவமாகத் தெரியும். மேல்நீர் இளஞ்சூடாக இருக்க, காலடியில் உள்ள நீர் குளிர்ந்தே இருக்கும். வெயில் மேலிருந்து சூடாக்குகிறது. சூடான நீர் மேலேயே தங்கிவிடுகிறது. நீரும் நல்ல கடத்தி அன்று என்பதால் கடத்தலாலும் வெப்பம் கீழே அதிகம் போவதில்லை. காற்றெழும்பி அலை புரட்டினால்தான் இரண்டும் கலக்கும்.

இப்போது தகரக் கூரையை நினைத்துப் பாருங்கள். சூடு மேலே இருக்கிறது. அதைத் தொட்டுச் சுட்ட காற்று, குளத்தின் மேல்நீரைப்போல, கூரையோடு ஒட்டி நிற்கிறது. அந்தக் காற்றுத் தானாக இறங்கி வராது. அசையாக் காற்றின் ஊடாகக் கடத்தல் மிக மிகக் குறைவு என்பதையும் ஏற்கெனவே பார்த்தோம். ஆகவே மிஞ்சியிருப்பது மூன்றாவது வழி மட்டுமே.

அந்த மூன்றாவது வழிக்குப் பொருள் எதுவும் தேவையில்லை. சூரியன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர் தொலைவில், இடையில் வெற்றிடம் மட்டுமே இருக்க, நமக்கு வெப்பத்தை அனுப்புகிறது. அந்த வெப்பம் ஒளியின் வேகத்தில் பயணம் செய்து 8 நிமிடத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் இங்கே வந்துசேர்கிறது. இது மின்காந்த அலைகளால் நடக்கும் கதிர்வீசல். 1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை அரியத்தால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியும் உயர்ந்தது. அங்கே விழுந்த கதிரையே செந்நிறக்கீழ்க் கதிர் என்கிறோம். சூரியனைப்போல ஒளிவிடாத பொருள்களும் இதை வெளியிடுகின்றன. அடுப்பும், சுவரும், கூரையும், மரமும், நம்முடைய உடலும் எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிரை வீசிக்கொண்டும் மற்றவை வீசுவதைப் பெற்றுக்கொண்டும் இருக்கின்றன. கூடுதலாக வீசுவது குளிர்கிறது. கூடுதலாகப் பெறுவது சூடாகிறது.

எவ்வளவு வீசும் என்பதற்கு ஜோசப் ஸ்ரெபான் 1879 இல் ஒரு விதியைக் கண்டார். சில ஆண்டுகளில் லுட்விக் போல்ற்ஸ்மன் அதைக் கோட்பாட்டிலிருந்து பெற்றுக் காட்டினார். செல்சியஸ் வெப்பநிலையோடு 273 ஐக் கூட்டினால் கெல்வின் அளவு கிடைக்கும். கதிர்வீசலின் அளவு இந்தக் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. எனவே வெப்பநிலை சிறிது கூடினாலும் கதிர் வெகுவாகக் கூடும். 60 பாகையில் உள்ள ஒரு பரப்பு, முழுமையாகக் கதிர்வீசக்கூடியது என்று கொண்டால், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 700 வாற்று வீசுகிறது. அதன் கீழே 33 பாகையில் இருக்கும் நம்முடைய தோல் ஏறத்தாழ 500 வாற்றை மேல்நோக்கி வீசுகிறது. மிச்சமாக நமக்குச் சேர்வது சதுர மீற்றருக்கு 200 வாற்று. அதே இடத்தில் கிடுகுக் கூரை இருந்து அதன் உட்பக்கம் 36 பாகையில் நின்றால் மிச்சம் ஏறத்தாழ 20 வாற்று மட்டுமே. காற்றின் வெப்பநிலை இரண்டு வீட்டிலும் ஒன்றாகவே இருந்தாலும்கூட, தலைக்கு மேலிருந்து வரும் சுமை பத்தில் ஒன்றாகிவிடுகிறது. கிடுகு வீட்டில் வளர்ந்த பெரியவர்கள் 'அந்த வீட்டுக் குளிர்மை இந்த வீட்டில் இல்லை' என்று சொல்வது பழசின் மேலுள்ள பற்றினால் மட்டும் அன்று என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

இதை நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிற்பகல் ஒரு மணியளவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தகரக் கூரையின் நேர் கீழே தலையில் துணி எதுவும் இல்லாமல் ஐந்து நிமிடம் இருங்கள். உச்சந்தலையிலும் தோள்களிலும் ஓர் எரிவு தெரியும். பிறகு ஒரு சுளகை எடுத்துத் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பிடியுங்கள். பிடித்தவுடனேயே எரிவு தணியும். விலக்கியவுடனேயே திரும்பி வரும். சுளகைச் சற்றுப் பக்கமாகச் சரித்தால் மறைக்கப்படாத தோள் மட்டும் எரியும். இதற்கிடையில் அறையின் காற்று மாறவில்லை. காற்றின் வழியாக வந்த வெப்பமாக இருந்தால் சுளகைச் சுற்றிக்கொண்டு அது வந்திருக்கும். நிழல் விழுவதுபோல உடனடியாகவும் நேர்கோட்டிலும் மறைவது கதிர் ஒன்றே. விறகடுப்புக்குப் பக்கத்தில் முகம் சுடும்போது நடுவில் கையை வைத்து மறைத்தால் நடப்பதும் இதுதான்.

கதிர்வீசல் வெப்பத்தைக் கொண்டுவருவது மட்டுமன்றி வெளியே கொண்டுபோகவும் செய்கிறது. தை, மாசி மாதங்களில் முகிலில்லாத இரவில், தகரக் கூரை வானத்தை நோக்கிக் கதிர்வீசிச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள நீராவி அதன்மேல் பனியாகப் படிந்து விடியும்போது தாழ்வாரத்தால் சொட்டும். மரத்தின் கீழே நிறுத்திய சைக்கிளில் அவ்வளவு பனி இருப்பதில்லை. மரத்தின் இலைகள் அதற்குக் கதிரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. கோடையில் முற்றத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்குக் கிடைக்கும் குளிர்மையிலும் ஒரு பங்கு இப்படி வானத்தை நோக்கி வெப்பம் கழிவதால் வருவதே. வீட்டுக்குள் படுத்தால், பகலில் மேற்கு வெயிலைக் குடித்த கற்சுவர் சில மணித்தியாலங்கள் கழித்து, சரியாக இரவுச் சாப்பாட்டு நேரத்தில், அந்த வெப்பத்தை உள்ளே வீசத் தொடங்கியிருக்கும்.

மூன்று வழிகளும் ஒன்றாக அடைக்கப்பட்ட பொருள் ஒன்று நம் எல்லோருடைய வீட்டிலும் இருக்கிறது. அது தேநீர் கொண்டுபோகும் பிளாஸ்க். ஜேம்ஸ் டியூவர் என்ற ஸ்கொற்லாந்து விஞ்ஞானி 1892 இல் வடிவமைத்தது இது. இரட்டைச் சுவருக்கிடையே காற்று அகற்றப்பட்டிருப்பதால் கடத்தலுக்கும் மேற்காவுகைக்கும் அங்கே பொருள் இல்லை. சுவர்கள் வெள்ளிப்பூச்சால் பளபளப்பாக இருப்பதால் கதிர் தெறித்துத் திரும்பிவிடுகிறது. வெப்பம் கசிவது பெரும்பாலும் வாய்ப்பகுதியாலும் மூடியாலும்தான்.

வீடு பிளாஸ்க் ஆக முடியாது. ஆனால் வெப்பம் வரும் வழியைப் பார்த்து அடைக்கும் அந்த முறையை வீட்டுக்கும் கொள்ளலாம். 2009 இற்குப் பின்னர் மீள்குடியேறிய எத்தனையோ குடும்பங்கள் வருடக்கணக்காகத் தகரக் கொட்டில்களில் இருந்தன. கைக்குழந்தைகளும் நோயாளிகளும் அந்த வெக்கைக்குள்ளேயே கிடந்தார்கள். இன்றும் தகரத்தின் கீழும் சீமெந்துச் சீற்றின் கீழும் பகலைக் கழிப்பவர்கள் பலர். அவர்களுக்குப் பயன்படாவிட்டால் இந்தப் பாடத்தைப் படித்து என்ன பயன் என்றே எனக்குத் தோன்றுகிறது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றர் கூரையில் ஏறத்தாழ 1,000 வாற்று விழுகிறது. 40 சதுர மீற்றர்க் கூரையுள்ள சிறிய வீட்டின் மேல் 40,000 வாற்று. இதில் எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பது நாம் செய்வதைப் பொறுத்தது.

முதலில் செய்யக்கூடியது கூரையின் மேற்பக்கத்துக்கு வெள்ளை பூசுவது. நல்ல வெள்ளைப் பூச்சு விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். உறிஞ்சிய சிறுபகுதியையும் செந்நிறக்கீழ்க் கதிராக வானத்துக்கே வீசிவிடும். பளபளக்கும் புதுத் தகரமும் வெயிலைத் திருப்பி அனுப்புகிறதே என்று கேட்கலாம். அனுப்புகிறது, ஆனால் பளபளப்பான உலோகம் கதிர்வீசுவதில் மிகவும் பின்தங்கியது என்பதால், உறிஞ்சியதை வெளியேற்ற இயலாமல் வெள்ளை பூசிய தகரத்தைவிடக் கூடுதலாகச் சுடுகிறது. வெயிலில் நிற்கும் வண்டியின் பளபளப்பான இரும்புப் பாகங்களைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். கரும்பச்சையும் கடுஞ்சிவப்பும் அழகாக இருந்தாலும் வன்னி வெயிலுக்குப் பொருந்தாத கூரை நிறங்கள் என்பதே என் கருத்து.

உலோகத்தின் இதே குறைபாடு கூரைக்கு உட்பக்கத்தில் நமக்கு நன்மையாகிறது. பளபளப்பான அலுமினியத் தாளைக் கூரைக்குக் கீழே கட்டினால், அது எவ்வளவு சூடானாலும் கீழ்நோக்கி மிகக் குறைவாகவே கதிர்வீசும். பளபளக்கும் முகம் கீழே பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் வெறும் காற்று இருக்க வேண்டும். தகரத்துக்கும் பலகைக்கும் இடையே நெருக்கி வைத்து அடித்துவிட்டால், அது வெப்பத்தைக் கடத்தும் இன்னோர் உலோகத் தகடே தவிர வேறில்லை. அலுமினியத் தாளுக்கு வசதியில்லாதவர்கள் தகரத்தின் மேல் கிடுகோ பனையோலையோ வேய்ந்தாலும் வெயில் தகரத்தைத் தொடாமலே போய்விடும். ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருப்பதும், நெருப்புக்கு அஞ்ச வேண்டியிருப்பதும் அதன் குறைகள்.

கூரையோடு ஒட்டி நிற்கும் சூட்டுக் காற்றுக்கு முகட்டில் ஒரு திறப்பு வைத்தால் அது தானாகவே வெளியேறிவிடும். யன்னலால் குளிர்ந்த காற்று உள்ளே வரும். சுவருக்கும் கூரைக்கும் இடையே சந்தில்லாமல் அடைத்துக் கட்டிய வீடுகளில் இந்த ஓட்டத்துக்கு வழியே இல்லை. மேற்குச் சுவருக்கு முன்னால் ஒரு பந்தலோ மரமோ நின்றால் இரவு வெக்கை குறையும்.

மின்விசிறி கூரைக் கதிரை நிறுத்தாது. வியர்வை ஒரு கிராம் ஆவியாகும்போது தோலிலிருந்து ஏறத்தாழ 2,400 யூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றோட்டம் அந்த ஆவியாதலை விரைவுபடுத்துவதால் விசிறியின் கீழ் ஆறுதல் கிடைக்கிறது. முகட்டுத் திறப்பில்லாத அறையிலோ கூரையில் தொங்கும் விசிறி மேலே நின்ற சூட்டுக் காற்றையும் கலக்கிக் கீழே தள்ளுகிறது. அப்படிப்பட்ட அறைக்கு, ஆளின் உயரத்தில் வைத்து யன்னல் பக்கத்துக் காற்றை எடுத்து வீசும் மேசை விசிறியே நல்லது.

குசினிக்கு மட்டும் அலுமினியத் தாளை நான் சொல்ல மாட்டேன். விறகுப் புகை சில மாதங்களில் அதன்மேல் கரியாகப் படிந்துவிடும். கரி படிந்த பரப்பு முழுமையாகக் கதிர்வீசத் தொடங்கிவிடும். அங்கே அடுப்புக்கு நேர் மேலே முகட்டைத் திறந்துவிட்டு, மழைக்காக ஒரு முழ உயரத்தில் சிறு கூரை வைத்தால், புகையும் சூட்டுக் காற்றும் ஒரே வழியால் வெளியேறும்.